மதலேனாளின் பெயரில் கை வைக்காதே

மகனே,

அந்த வசனத்தை நான் சொல்லமாட்டேன். போனில் நீ கேட்டபோது "பிறகு சொல்லுறன் மோனை" என்று வைத்துவிட்டேன். நீ அதை ஓம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சின்ன வயதிலிருந்து நான் "பிறகு" என்று சொன்னதெல்லாம் கடைசியில் ஓமாகத்தான் முடிந்திருக்கிறது, உன் சைக்கிள் உட்பட. இந்த முறை அப்படி இல்லை. படத்தின் தொடக்கத்தில் ஒரு தீவுத் தாயின் குரல் வேண்டுமாம், அது யாழ்ப்பாணத் தமிழில் இருக்க வேண்டுமாம், உன் அம்மாவின் குரலாகவே இருந்தால் இன்னும் நல்லதாம். நீ வேலை செய்யும் ரொறன்ரோ நிறுவனத்தார் அப்படிச் சொல்கிறார்கள் என்றாய். நான் பதிந்து அனுப்ப வேண்டிய வசனத்தையும் எழுதி அனுப்பியிருந்தாய்: "கப்பல்கள் வருவதற்கு முன்னர் நாங்கள் மாசற்றவர்களாய் வாழ்ந்தோம்." மோனை, மாசற்றவர் என்று நான் அறிந்து கும்பிடுவது மாதா ஒருத்தியைத்தான். அவவும் நெடுந்தீவில் பிறந்தவ இல்லை.

இதை உனக்கு மட்டும் எழுதாமல் எங்கள் பங்குக் கோயிலின் ஆண்டு மலருக்கும் கொடுக்கிறேன், கோபிக்காதே. உன் படத்தை உலகம் பார்க்கப்போகிறது. முதல் எழுத்தே "நெடுந்தீவுப் பூர்வகுடிகளின் மரபைத் தழுவியது" என்று வரப்போகிறதாம். அப்படியென்றால் இது உனக்கும் எனக்கும் இடையிலான வீட்டு விஷயம் இல்லை. ஊரின் பெயரைப் போட்டு எடுக்கும் படத்துக்கு ஊரில் இருக்கிற ஒருத்தி சொல்லும் பதிலை ஊரும் வாசிக்கட்டும். மேலே உன் பெயரை நான் போடவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். என் மகன் காட்டூன் படங்களில் வரும் ஆட்களை வரைகிறவன். அவன் மனதிலிருந்து வந்த ஒருத்திதான் மதலேனாள். மழை பொய்த்த ஒரு தீவு. அங்கே ஒரு கப்பித்தான் பெரிய கப்பலில் குதிரைகளோடு வந்து இறங்குகிறான். மனுசர் குடிக்கமுதல் என் குதிரைகளுக்குத் தண்ணீர் அள்ளுங்கள் என்று கட்டளை போடுகிறான். எல்லாரும் அள்ளுகிறார்கள். மதலேனாள் மட்டும் எதிர்த்து வாய்காட்டுகிறாள். அவள் பேச்சுக்குக் கிணறு கட்டுப்படும். அவள் பாடினால் தண்ணீர் ஏறும், கோபித்தால் இறங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே வரும் பருத்திச் சட்டை, இரட்டைப் பின்னல், கறுப்பு நூலில் ஒரு சின்ன மரச் சிலுவை, கையில் தண்ணீர் அள்ளும் பனையோலைப் பட்டை. கடைசியில் அவள் கப்பித்தானின் குதிரையில் ஒன்றைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் நிறைந்தது.

போன கிழமை நீ புதுப் படத்தை அனுப்பினாய். பின்னல் இல்லை. சட்டை இல்லை, மார்பில் ஏதோ இலைக்கட்டு. தலையில் இறகுகள், கன்னத்தில் வெள்ளைக் கோடுகள். சிலுவை இருந்த இடத்தில் சுறாப்பல். குதிரை இருந்த இடத்தில் கொம்பும் செட்டையும் முளைத்த ஒரு மான். பெயரையும் மாற்றிவிட்டார்களாம், இனி அவள் "அலையா". மதலேனாள் என்ற பெயர், சிலுவை, குதிரை மூன்றும் கப்பலில் வந்தவையாம். ஒரு பூர்வகுடிப் பெண் தன்னை அடக்கியவனின் அடையாளங்களைச் சுமக்கக் கூடாது என்று அங்கே அறிஞர்கள் கூடி முடிவெடுத்தார்களாம். "அவை நல்ல மனசோடைதான் சொல்லுகினம் அம்மா" என்றாய். நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. அதே கடதாசியில் அந்தக் கப்பித்தானின் புதுப் படமும் இருந்தது, அதைத்தான் நான் பெரிதாக்கிப் பார்த்தேன். தொப்பி இருக்கிறது, வாள் இருக்கிறது, சிலுவை இருக்கிறது, பெயர் இருக்கிறது. அவன் அங்கியில் ஒரு பொத்தான்கூடக் கழலவில்லை. அந்தக் காலத்துத் தையல்கூடச் சரியாக வரவேண்டும் என்று பழம்பொருள் நூதனசாலைக்குப் போய்ப் பார்த்து வரைந்தார்களாம். உரிக்கப்பட்டது எங்கள் பெட்டை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை கண்ணாடி மாற்றுவதற்காக யாழ்ப்பாணம் போனேன். படகில் தங்கராணி ரீச்சரும் வந்தா. உனக்குத் தெரியும், அவவின் ஊர் புளியங்கூடல்; கிழமை நாட்களில் நானும் படிப்பிக்கிற பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படிப்பித்துவிட்டு வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போகிறவ. அவவுக்குக் காட்டவென்று போனைத் திறந்தேன். படகில் போனைத் திறந்தால் அது ஒருவருக்குக் காட்டுவதாக முடியாது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கருவாட்டுப் பெட்டியோடு இருந்த றீற்றா அக்கா முதலில் தலையை நீட்டினா.

"இது ஆர் ரீச்சர்?"

"மோன்ரை படத்திலை வாற எங்கடை தீவுப் பெட்டை."

"எங்கடை தீவிலை எந்த வட்டாரம்?"

நான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "தலையிலை என்ன, கொக்குச் செட்டையோ?" என்று அடுத்த கேள்வி. "பாவம் பெட்டை, ஒரு சட்டை வாங்கிக் குடுக்க ஆக்கள் இல்லைப் போல" என்று தானே சொல்லி முடித்தா. சுக்கான் பிடித்துக்கொண்டிருந்த அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "உந்தக் காத்துக்குச் செட்டை குறிகட்டுவான் துறை போய்ச் சேருமட்டும் நிக்காது" என்றார். படகு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு நீ முதலில் வரைந்த பழைய மதலேனாளை எடுத்துக் காட்டினேன். றீற்றா அக்கா போனைக் கையில் வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தா. "உவள் எங்கடை யோசேப்பின்ரை நடுவிலாள் பெட்டை எல்லே, என்ன இப்பிடி மெலிஞ்சுபோனாள்" என்றா. அதைவிட உனக்கு என்ன பாராட்டு வேண்டும், சொல்லு. உன் கையால் கீறிய ஒரு கற்பனைப் பெட்டையை இந்த ஊர் தன் வீட்டுப் பிள்ளை என்று எண்ணி மெலிந்துவிட்டாள் என்று கவலைப்பட்டது.

இந்த மதலேனாள் எங்கிருந்து வந்தாள் என்பதை அந்த அறிஞர்களுக்கு நீ சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய், வெட்கப்பட்டிருப்பாய். நான் சொல்கிறேன். அப்பாவின் வள்ளத்துக்கு மதலேனாள் என்று பெயர், அந்தப் புனிதையின் திருநாளன்று கடலில் இறக்கியதால் வைத்த பெயர். நீ எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலம். வள்ளத்தின் பக்கத்தில் இருந்ததைக் கூட்டிப் படித்துவிட்டு, "மதலேனாள் எண்டா ஆர் அப்பா?" என்று கேட்டாய். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மனுசன் நிமிராமலே, "அவவோ, கிணத்தடியிலை தண்ணி அள்ளிக்கொண்டு நிண்டவ. ஆண்டவர் தண்ணி கேக்க, நீர் ஆர் என்னட்டைக் கேக்க எண்டு வாய்காட்டினவ" என்றார். அது வேறொருத்தி. வேதாகமத்தில் கிணற்றடியில் வாய்காட்டியவளுக்குப் பெயரே இல்லை. மதலேனாள் ஆண்டவரின் கல்லறையடியில் அழுதுகொண்டு நின்றவள். நான் குசினிக்குள் இருந்து திருத்தினேன். மறைக்கல்வியில் நீ அப்பா சொன்னதையே சொல்லப்போய் பங்குச் சுவாமியார் வீட்டுக்கே வந்து திருத்தினார். அப்பா மசியவில்லை. "அது உங்கடை மதலேனாள் சுவாமி. எங்கடையவ தண்ணி அள்ளுறவதான். இந்தத் தீவிலை நிண்டு அழுறதுக்கு ஆருக்கு நேரம்" என்றார். சுவாமியார் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நீ என் பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கியவள்தான் இவள். உன் அப்பாவின் பிழையில் பிறந்தவள். அந்தப் பிழையை வேறு எந்த ஊர்க்காரனும் விட்டிருக்கமுடியாது, ஏனென்றால் வேறெங்கும் ஒரு மனுசனுக்குப் புனிதை என்றதும் தண்ணீர் அள்ளுகிறவள் நினைவுக்கு வராது.

குதிரை வேண்டாமாம். இந்தத் தீவின் குதிரைகளைப் போர்த்துக்கேயப் பறங்கி கொண்டுவந்தான் என்கிறார்கள், ஒல்லாந்தன் வளர்த்தான் என்கிறார்கள். யார் கொண்டுவந்தாலும் அவற்றுக்குப் புல்லும் தண்ணீரும் சுமந்தது எங்கள் ஆட்கள்தான் என்று நான் வகுப்பில் சொல்லுவேன். கொண்டுவந்தவன் போய்விட்டான். மட்டக்குதிரைகள் நின்றுவிட்டன. வெட்டை வெளியில் மேய்கின்றன, யாரும் ஏறுவதில்லை, கோடையில் தண்ணீர் இல்லாமல் வீட்டு வேலிவரை வருகின்றன. அப்போது அப்பா தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவாரே, அதை நீ மறந்திருக்கமாட்டாய். தன் கூடப் பிறந்தவனையே "டேய்" என்று கூப்பிடுகிற மனுசன், குதிரைகளுக்கு மட்டும் "நீர்" போட்டுத்தான் கதைப்பார். "வாரும் கப்பித்தான், வந்து குடியும். உம்மடை ஆக்கள் உம்மை விட்டிட்டுப் போட்டினம். இப்ப தண்ணிக்கு எங்கடை வாசல்லை நிக்கிறீர். கோட்டையும் விழுந்துபோச்சு, பாத்தீரோ? கல்லு எங்கடை மாட்டுப்பட்டியிலை இருக்கு." நீ வேலியில் ஏறியிருந்து வயிறு நோகச் சிரிப்பாய். அந்தக் கேலியில்தான் உன் கப்பித்தான் பிறந்தான், அந்தத் தொட்டியடியில்தான் மதலேனாள் குதிரையைத் தன் பக்கம் இழுத்தாள். அங்கே கொம்பு முளைத்த மானைக் கொண்டுவந்து நிறுத்தினால் உன் கதை யாருக்குத் தண்ணீர் ஊற்றும்?

நீ என்னை மடக்கவென்று ஒன்று கேட்டாய். "அம்மா, பறங்கி ஒரு கையிலை வாளும் மற்றக் கையிலை சிலுவையுமா வந்தவன் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?" ஓம், படிப்பித்தேன். பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கும் இந்தக் கடைசி வருடத்திலும் அதில் ஒரு சொல்லை மாற்றவில்லை. அவன் வந்தது கறுவாப் பட்டைக்கும் முத்துக்கும் வரிக்கும், ஞானஸ்நானம் அதற்குப் பின்னால் வந்தது. ஆனால் அடுத்த பாடத்தன்று நீ வகுப்பில் இருக்கவில்லைப் போல. பறங்கிக்குப் பிறகு ஒல்லாந்தன் வந்தான். அவனும் சிலுவைக்காரன்தான், ஆனால் வேறு சிலுவைக்காரன். எங்கள் கோயில்களைப் பூட்டினான், குருமாரைத் துரத்தினான், உந்த வேதத்தை விடுங்கள் என்றான். தந்தவன் போய்விட்டான், பறிக்கிறவன் வாசலில் நிற்கிறான். அப்போது விட்டுவிட்டுப் போயிருக்கலாம், அதுதான் சுகமான வழி. எங்கள் ஆட்கள் சொரூபத்தைக் கூரைக்குள் ஒளித்தார்கள், வாய்க்குள் செபம் சொன்னார்கள், வேடம் மாறி வந்த குருவுக்குச் சோறு கொடுத்தார்கள். வற்புறுத்திக் கழுத்தில் போட்டது அவனுடைய சிலுவையாக இருக்கலாம். ஒளித்துக் காப்பாற்றியது யாருடைய சிலுவை, மகனே?

எண்ணிப் பார். முதலில் வந்தவன் போடு என்றான். அடுத்து வந்தவன் கழற்று என்றான். இப்போது மூன்றாவதாக ஒருவன், மிக நல்ல மனதோடு, உங்கள் மரியாதைக்காகவே கழற்றுகிறோம் என்கிறான். எங்கள் பெட்டையின் கழுத்தில் என்ன இருக்கவேண்டும் என்று அவளைத் தவிர எல்லாரும் முடிவெடுக்கிறார்கள். அவள் கழுத்து அவளுடையது. அவளுக்கு வேண்டாம் என்றால் அவளே கழற்றுவாள், அதற்கு ஒரு காட்சி எழுது, நான் மனமாரப் பார்க்கிறேன்.

பறங்கி வரமுதல் நாங்கள் எப்படி இருந்தோம் என்றும் கேட்டாய். எனக்குத் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கோபம்தான். வெளியூர்க் கப்பல்காரர்கள் தங்கள் கணக்குக்காக எழுதியது இருக்கிறது, கோயில் இடிபாடு இருக்கிறது, அந்தப் பழைய பெருக்குமரம் இருக்கிறது. அந்த மனுசர் என்ன உடுத்தார்கள், பிள்ளையை எப்படிக் கூப்பிட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பது போய்விட்டது. நிச்சயமாக மாசற்றவர்களாக இருக்கவில்லை. வேலிக்கு அடிபட்டிருப்பார்கள், மீன் பங்கு பிரிக்கையில் பொய் சொல்லியிருப்பார்கள், மாமியாரும் மருமகளும் கதைக்காமல் இருந்திருப்பார்கள். இழந்தது எங்களுக்குத் தெரியாது என்பதுதான் உண்மையான நோவு. அந்த வெற்றிடத்தில் கொக்குச் செட்டையைக் குத்தி நிரப்பாதே. தெரியாததைத் தெரியாது என்று விடு. தெரிந்தவளை ஏன் கொல்லுகிறாய்?

கப்பலில் வந்ததெல்லாம் திரும்பப் போகவேண்டும் என்று வைத்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதமுடியாது. கதிரையை விட்டு எழும்பவேண்டும், மேசையைக் கொடுக்கவேண்டும், யன்னலை அடைக்கவேண்டும், காலையில் பாணைத் தொடக்கூடாது. அலுமாரியைப் பூட்டலாம் என்றால் சாவியும் பறங்கியின் சொல்தான். குசினிக்குள் போகாமல் உன் அப்பாவுக்கு எப்படிச் சமைப்பேன் என்று அந்த அறிஞர்களிடம் கேட்டுச் சொல்லு. அவர்கள் உனக்கு எழுதித் தரும் சுத்தமான தமிழை இந்தத் தீவில் கதைக்க ஒருவரும் இல்லை.

தங்கராணி ரீச்சர் படகில் என்னைப் பகிடி பண்ணினா. "உந்தச் சிலுவை அவைக்கு வேண்டாமெண்டால் பெட்டையை எங்களிட்டைத் தாரும். நெத்தியிலை இடமிருக்கு, திருநீறு பூசி எங்கடை பெட்டையாக்கிவிடுறம்." நான் அவவின் கையில் அடித்தேன். குறிகட்டுவானில் இறங்கி, பஸ் வெளிக்கிடும்வரை உள்ளே இருந்தோம். வெளியே பார்த்துக்கொண்டிருந்தவ என் பக்கம் திரும்பினா. "ரீச்சர், பகிடியை விடும். எங்கடை கோயில்களை இடிச்சவை உந்தப் பறங்கியள். எங்கடை ஆக்கள் விரதம் இருந்து சாப்பிட்ட இலையைக்கூடப் பயத்திலை ஒளிச்சவை. அதை நான் மறக்கேல்லை, மறக்கவும் மாட்டன். ஆனா மதலேனாள் ஒண்டையும் இடிக்கேல்லை. இடிச்சவன்ரை குதிரைக்குத் தண்ணி அள்ளினவள் அவள். அவளை என்னத்துக்கு அழிக்கினம்?" என்றா. சிலுவையால் கெடுதல் பட்ட வீட்டுப் பெண் மதலேனாளுக்காகக் கதைக்கிறா. நீ அவளைப் பெற்றவன், நீ தலையாட்டுகிறாய். பஸ்ஸுக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. புதுக் கண்ணாடி இல்லாததால் என்று சமாளித்தேன்.

நீ பயப்படுவது எனக்கு விளங்குகிறது. திங்கட்கிழமை கூட்டத்தில் நீ ஓம் என்று சொல்லாவிட்டால் இந்தப் படத்திலிருந்து உன்னை எடுத்துவிட்டு வேறொருவரைப் போடுவார்கள் என்றாய். குளிரில் எத்தனை வருடம் கண்டகண்ட வேலை செய்து, பாணும் முட்டையும் சாப்பிட்டு அந்தக் கதிரைக்கு வந்தாய் என்பது எனக்குத் தெரியாததா. உன் வாடகையை நான் கட்டப்போவதில்லை, ஆகவே வேலையை விட்டெறி என்று இங்கிருந்து வீரம் பேசமாட்டேன். என் கையில் இருப்பது என் குரல் ஒன்றுதான், அதைத்தான் நான் தர மறுக்கிறேன். உன்னிடம் கேட்பது வாயைத் திற என்று மட்டும். நீ வரைந்த பெட்டை வாளோடு நின்ற கப்பித்தானைப் பார்த்து வாய்காட்டினாள். கோப்பி தந்து சிரித்துப் பேசுகிற மனுசரிடம் நீ வாய்காட்டக் கூடாதா? கெட்டவனிடம் மாட்டேன் என்று சொல்வது லேசு. உன்னை மதிக்கிறவனிடம், உன் கலையைப் புகழ்கிறவனிடம், நீர் சொல்வது பிழை என்று சொல்லத்தான் நெஞ்சு வேண்டும். அதை உனக்குப் பழக்காமல் வளர்த்துவிட்டேனோ என்று யோசிக்கிறேன். பிறகு உன் அப்பா சுவாமியாரிடம் கதைத்த கதை நினைவுக்கு வருகிறது. இல்லை, அது உன் இரத்தத்தில் இருக்கிறது.

அவர்களிடம் சொல்ல உனக்கு ஒரு கதை தரலாம் என்று யோசித்தேன். மதலேன் என்று கப்பலில் வந்த பெயரை எங்கள் ஆட்கள் வந்தபடி வைத்திருக்கவில்லை. மரியாள், மார்த்தாள், மதலேனாள் என்று வாலில் ஒரு "ஆள்" வைத்தார்கள். ஆள் என்றால் எங்களுக்கு மனுசர். ஆண்டுகொள் என்றாலும் ஆள்தான். வந்த பெயரை மனுசியாக்கி, ஆளவும் விட்டார்கள் என்று அந்தக் கூட்டத்தில் சொல்லு, கை தட்டுவார்கள் என்று எழுதவிருந்தேன். எழுதும்போது இந்த வாதமும் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. முன்பாதி அவனுடையது, பின்பாதி எங்களுடையது என்று நானே பிரித்தால், அவர்கள் பிடித்திருக்கிற கத்தரிக்கோலைத்தான் நானும் பிடிக்கிறேன். ஒரு பெட்டை வாசலில் நின்று கூப்பிடக் கேட்டு ஓடிவருவது முழுப் பெயருக்குத்தான், பாதிக்கு இல்லை.

இனி உன் பெயருக்கு வருகிறேன். நிறுவனத்தார் வெளியிட்ட அறிவித்தலில் உன் படத்தின் கீழே "முத்து" என்று மட்டும் போட்டிருந்தது. பெயரின் முன்பாதி சவரியை எங்கே விட்டாய் என்று கேட்டேன். "பூர்வகுடிக் கலைஞர் எண்டு போடேக்கை அது பொருந்தாதாம் அம்மா, நானும் ஓம் எண்டிட்டன்" என்றாய். மிகச் சாதாரணமாகச் சொன்னாய், மழை பெய்கிறது என்று சொல்வதைப்போல. நான் போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். மதலேனாளின் சிலுவையைக் கழற்ற உனக்கு ஏன் மனம் வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதலில் உன்னிலிருந்து வெட்டிப் பழகிவிட்டாய். கடல் கடந்து வந்த ஒரு புனிதரின் பெயரையும் எங்கள் கடலில் விளைந்த முத்தையும் சேர்த்து உனக்கு வைத்தது நானும் அப்பாவும். தொட்டிலுக்கு மேலே குனிந்து அதை முதலில் கூப்பிட்டது நான். அதில் எந்த எழுத்து எந்தக் கப்பலில் வந்தது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. என் பிள்ளையின் பெயரில் எனக்கு வேண்டாத எழுத்து ஒன்றும் கிடையாது. மேலே உன் பெயரைப் போடாமல் விட்டது இதனால்தான். பாதிப் பெயருக்குக் கடிதம் எழுத எனக்கு மனமில்லை.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். இந்த முறை கோடை பொல்லாதது, ஒரு குதிரைக்குட்டி நிமிர்ந்து நிற்க ஏலாமல் தாயோடு சாய்ந்து நின்றது. படத்தில் இருந்து குதிரையை எடுக்கப்போகிறார்களாம் என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். "கொண்டுவந்தவனாலையே திருப்பிக் கொண்டுபோக ஏலேல்லை. உவை எடுக்கப் போகினமோ?" என்றார். பிறகு குதிரையைப் பார்த்து, "நீர் குடியும்" என்றார்.

அவர்களுக்கு என் குரல் வேண்டுமென்றால் தருகிறேன். பதிந்து வைத்துவிட்டேன், இந்தக் கடிதத்தோடு வருகிறது. அவர்கள் எழுதிய வசனம் இல்லை, என்னுடையது. "நாங்கள் இஞ்சைதான் இருந்தனாங்கள். கப்பல் வந்தது, போனது. நாங்கள் இஞ்சைதான் இருக்கிறம். மதலேனாள், தண்ணி கொண்டு வா பிள்ளை." கடைசி வசனத்தை நான் முற்றத்தில் நின்று சத்தமாகக் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டு யோசேப்பின் நடுவிலாள் தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்து "ஏன் ரீச்சர், என்ன?" என்று வேலிக்கு ஓடிவந்துவிட்டாள். அவளுடைய குரலும் பதிந்திருக்கிறது. வெட்டாதே. மதலேனாளின் பெயர் இருந்தால் இதைப் போடட்டும், பெயர் இல்லையென்றால் என் குரலும் இல்லை, நெடுந்தீவு என்ற எழுத்தும் படத்தில் வேண்டாம்.

திங்கட்கிழமை அந்த மேசையில் இருக்கும்போது முதலில் எழும்பி உன் முழுப் பெயரைச் சொல்லு. பிறகு அவளுடையதைச் சொல்லு.

இப்படிக்கு,
சவரிமுத்துவின் அம்மா